பல்பொடி தேய்த்த ஒரு பவுன்

சுகிர்தத்தை ஏமாற்றப் பார்த்த லாரி டிரைவர்களை வரிசையாக நிற்க வைத்தால், வரிசை திருவொற்றியூர் தேரடியில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் போய்க் காலை நனைக்கும். ஏமாற்றி ஜெயித்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அந்த ஆட்டோவை ஓட்டத்தான் ஆள் கிடைக்காது.

அவள் வேலை அப்படி. திருவொற்றியூரில் ஒரு வார்ப்பட ஆலை இருந்தது, பெயர் வேண்டாம். பழைய இரும்பை உருக்கி பம்புக்கும் வால்வுக்கும் உறை வார்த்துக்கொண்டிருந்த ஆலை. அதன் வாசலில் ஒரு எடைமேடை. இரும்போடு வரும் லாரி அதில் ஏறி நிற்கும், சுகிர்தம் எடையைக் குறிப்பாள். இரும்பைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு தரம் ஏறி நிற்கும், மறுபடியும் குறிப்பாள். முன்னதில் பின்னதைக் கழித்தால் வந்த சரக்கு. இந்த இரண்டு எடைக்கும் நடுவில்தான் மனித குலத்தின் அத்தனை திருட்டுத்தனமும் குடியிருந்தது. வரும்போது கிளீனரைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்து, போகும்போது நடத்திக் கூட்டிப்போவார்கள். தண்ணீர் டிரம்மைச் சரக்கோடு எடை போட்டுவிட்டு உள்ளே போய்க் கவிழ்ப்பார்கள். சுகிர்தம் ஜன்னல் வழியாக டயரைப் பார்ப்பாள். "உள்ள படுத்துகினு கீறவர எழுந்து வெளிய வரச் சொல்லு. அறுபத்தி நாலு கிலோ. காலையில சாப்டல போல" என்பாள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு தலை வரும்.

ஒருமுறை லாரிமேல் காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை விரட்டிவிட்டுத்தான் சீட்டு போட்டாள். நம்பாதவர்கள் போய்க் காக்கையையே கேட்டுக்கொள்ளலாம், அது இன்னும் அந்தப் பக்கம்தான் சுற்றுகிறது.

அந்த வேலைக்கு அவள் வந்ததே பிடிவாதத்தால். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஐந்தாவது பெண். இருபத்திரண்டு வயதில் ஆலை வாசலில் போய் நின்றாள். எடைமேடைக்கு ஆம்பளை வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் நின்றாள். எட்டு நாள் நின்றாள். ஒன்பதாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, "இங்க டிரைவருங்க கெட்ட கெட்ட வார்த்தையா பேசுவாங்கம்மா" என்றார்.

"எங்க வூட்லயும் பேசுவாங்க சார். அங்க சம்பளம் தர்றதில்ல."

வேலை கிடைத்தது.

இருபது வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்பதில், ஆலைக்கு ஐம்பது வயது நிறைந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள்கூட மட்டம் போடாத பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு தங்க நாணயம் கொடுத்தார்கள். சரியாக ஒரு பவுன், எட்டு கிராம். கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் அது உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் ஆலையின் புகைபோக்கி. மறுபக்கம் எடைமேடைமேல் ஒரு லாரி, பக்கத்தில் சின்ன அறை, அறைக்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் ஒரு புள்ளி.

"அது நான்தான்" என்றாள் சுகிர்தம். வார்ப்பில் விழுந்த பிசிறு என்று சொன்னவர்களோடு ஆறு மாதம் பேசவில்லை.

பன்னிரண்டு பேர் என்றதும், சுகிர்தம் குடியிருக்கும் எங்கள் ராயபுரத்துக்காரர்களுக்கு வேறு கணக்கு தோன்றிவிட்டது. இயேசுவின் அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர், அப்படியானால் இதில் வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் யார்? மறுநாள் காலையிலேயே விடை கிடைத்தது. உலையில் வேலை பார்த்த வல்லரசு, தேரடிக் கடை ஒன்றில் தன் நாணயத்தை விற்றுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் யூதாஸ். அவர் இந்து. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஏழு வருஷம் கழித்து ஆலையை மூடினார்கள். புகைபோக்கியை இடித்தார்கள், எடைமேடையைப் பெயர்த்தார்கள். இப்போது அங்கே கன்டெய்னர்கள் மூன்றடுக்காக நிற்கின்றன. உள்ளே கேமராவுக்குத் தடை இருந்ததால் சுகிர்தத்திடம் அந்த மேடையின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அது இன்னும் நின்றுகொண்டிருந்த ஒரே இடம் அந்தப் பவுன்தான். இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

சுகிர்தத்துக்கு ஒரே பிள்ளை, ஜோ. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றும் கிரேன் ஓட்டுகிறான். அப்பா லியோனார்டும் துறைமுகத்துக்காரர்தான், நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜோவுக்கும் அடுத்த தெரு சாண்ட்ராவுக்கும் தை மாதம் கல்யாணம். சாண்ட்ரா பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறாள். அவள் வாயை மட்டும் எந்த டாக்டராலும் மூட முடியாது. தாலிச் செயின் ஐந்து பவுனில் செய்வதாகப் பேச்சு. நாலு பவுன் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது பவுனைச் சேர்ப்பதற்குள் விலை ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே ஜோ பேச்சை எடுத்தான்.

"ம்மா, ஆசாரி அடுத்த திங்கக்கெழம தங்கத்த கேக்குறாரு. உங்கிட்ட கீற காச குட்த்துட்டா அஞ்சாயிடும்."

"எந்தக் காசு?"

"பொட்டிக்குள்ள வச்சு வச்சு பாக்குறியே, அதான்."

"அது காசு இல்லடா, நாணயம். நெனவு நாணயம்."

"படம் போட்ட தங்கம்மா. உருக்கினா படம் போயிடும், தங்கம் எங்கயும் போவாது. எட்டு கிராம் எட்டு கிராமாவே இருக்கும். எடைதான் நெசம்னு ஊருக்கே சொன்ன ஆளு நீ."

சுகிர்தம் தட்டைத் தள்ளி வைத்தாள். சொந்தப் பிள்ளை அவள் தராசிலேயே அவளை ஏற்றிவிட்டான்.

"அதுக்கு எடைக்கு மேல மதிப்பு கீது" என்றாள்.

"எவன் குடுப்பான்? ஒரு ரூபா எச்சா குடுக்க ஒரு ஆளக் காட்டு, நான் வாய மூடிக்கிறேன்."

அதுவரை முள் எடுத்துக்கொண்டிருந்த சாண்ட்ரா நிமிர்ந்தாள். "அப்படியே வச்சுக்கலாம் ஆன்ட்டி. வர்ற ஞாயித்துக்கெழம பெரம்பூர் பக்கம் மண்டபத்துல நாணயக் கண்காட்சி போடுறாங்க. தங்க ரேட்டுக்கு மேல ஒரு ரூபா எச்சா குடுக்க அங்க யாராவது நெசமா காச வச்சுகினு முன்வரணும். வந்தா உங்க பவுன தொடக் கூடாது. வரலன்னா உருக்கிடலாம்."

"வந்துட்டா அஞ்சாவது பவுனுக்கு எங்க போறது?" என்றான் ஜோ.

சாண்ட்ரா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே அவன் போனஸ் பணத்தில் வாங்கிய தங்கப் பிரேஸ்லெட் இருந்தது. கிரேன் ஓட்டும்போது கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, இறங்கும்போது முதலில் மாட்டுகிற சாமான் அது.

"இது இன்னா வெயிட்டு ஆன்ட்டி?"

சுகிர்தம் பார்த்தாள். "எட்டரை கிராம். அழுக்கையும் சேத்து."

"சரியா போச்சு" என்றாள் சாண்ட்ரா.

ஜோ கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். ஆனால் சவாலை ஆரம்பித்தவன் அவன்தான். சுகிர்தம் அலமாரியைத் திறந்து ஒரு கட்டு எடைச் சீட்டை எடுத்தாள். ஆலை மூடிய அன்று குப்பையில் கிடந்த வெற்றுச் சீட்டுகளைத் தூக்கி வந்திருந்தாள். மளிகைப் பட்டியல் முதல் பொங்கல் வாழ்த்துவரை எல்லாம் அதில்தான் எழுதுவாள். பந்தயத்தை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். குழம்பு ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை சுகிர்தம் மண்ணடிக்குப் போனாள். கூடவே பக்கத்து வீட்டிலிருந்து நானும் போனேன், எனக்கு வேலை இல்லை. அங்கே சௌக்கத் அலி என்பவர் நாற்பது வருஷமாகப் பழைய நாணய வியாபாரம் செய்கிறார். கண்காட்சியிலும் அவருக்கு ஒரு மேசை உண்டு. சுகிர்தம் பெட்டியைத் திறந்து, பவுனைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நடுவில் பிடித்து எடுத்தாள். சௌக்கத் அலி பதறிப்போனார்.

"ஓரத்தப் புடிங்கம்மா, ஓரத்த. மொகத்துல கை வைக்கக் கூடாது."

வாங்கி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மெதுவாகச் சுருங்கியது.

"இதுல இன்னா போட்டுத் தேச்சீங்க?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எடைமேடைய கழுவுவோம் பாய். மேடை போனப்பறம் இத்த கழுவுறேன். பூந்திக்கொட்டை தண்ணியில ஊறவச்சு, அப்பறம் பல்பொடி போட்டு பிரஷ்ல லேசா."

"பல்பொடி."

"வெள்ளைப் பல்பொடிதான். கரிப்பொடி போட்டா கறுத்துடும்னு தெரியாதா எனக்கு?"

சௌக்கத் அலி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு கண்ணாடியை அவளிடமே நீட்டினார். அவள் பார்த்தாள். பளபளவென்று இருந்த லாரிமேல் நூறு நூறு கோடுகள், பூனை பிராண்டின மாதிரி. ஜன்னலில் இருந்த புள்ளி பாதி தேய்ந்து போயிருந்தது. தன்னைத் தானே பிரஷ் போட்டுத் தேய்த்துக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், வருஷத்துக்கு ஒருமுறை, சந்தனம் குங்குமம் வைத்து.

"கீறல் விழுந்தா தங்கம் கொறையாதும்மா. ஆனா சேக்குறவங்க தொட மாட்டாங்க" என்றார் அவர். மேசை இழுப்பறையிலிருந்து மரப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். வெளிநாட்டு அரசாங்கம் ஏதோ விழாவுக்கு அடித்த தங்க நாணயம், சான்றிதழோடு இருந்தது. "இத்த ஒருத்தர் தங்க வெலைக்கு ரெண்டு பங்கு குடுத்து வாங்கினாரு. நெனவு நாணயம், மேல மேல ஏறும்னு சொல்லி வித்துருக்காங்க. போன மாசம் எங்கிட்ட கொண்டாந்தாரு. தங்க வெலதான் போட்டேன். ஏன்னா இதே மாதிரி ஆயிரக்கணக்குல கீது, எல்லாருமே பெட்டியோட பத்திரமா வச்சுகினு கீறாங்க. அரசாங்கம் அடிச்சதுக்கே இந்தக் கதி. உங்களுது கம்பெனி அடிச்சது, செலாவணியே கெடையாது. நாங்க இத்த பதக்கம்னு சொல்லுவோம்."

"எங்களுது ஆயிரம் இல்ல பாய். பன்னெண்டே பன்னெண்டு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா நான் நம்புவேன். வாங்குறவன் காயிதம் கேப்பான்."

சுகிர்தம் எழுந்தாள். "காயிதம்தானே" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆலை வாசலில் எட்டு நாள் நின்ற குரல்.

செவ்வாய் முதல் சனிவரை அவள் வீட்டில் உலை வைக்கவில்லை. பன்னிரண்டு பேரின் டோக்கன் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். எடைச் சீட்டுக் கட்டையும் பால்பாயிண்ட் பேனாவையும் எடுத்துக்கொண்டு, பஸ், ஷேர் ஆட்டோ, கடைசியில் நடை என்று ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொருவரும் தங்கள் நாணயம் என்ன ஆயிற்று என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள், அவர்கள் வீட்டுக்காரம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐந்து நாணயங்கள் தோடாகவும் வளையலாகவும் மாறியிருந்தன. மூன்று, கடையில் விலைக்குப் போயிருந்தன. அந்தக் கடைகளுக்கும் போய், "பழைய தங்கம் வந்தா வெச்சுப்பீங்களா?" என்று கேட்டாள். "அன்னிக்கே உருக்கிடுவோம்" என்றார்கள். அதையும் எழுதி வாங்கினாள். புழலில் குடியிருந்த பழைய டைம்கீப்பர், தன் பவுனில் முன்பல்லே கட்டியிருந்தார். அவர் சிரித்துச் சாட்சி சொன்னார். ஒரு பவுனும் ஒரு பல்லில் அடங்குமா என்று கேட்காதீர்கள், மனிதருக்குக் குதிரைப் பல்.

எண்ணூர்க் குப்பத்து மாரியப்பனைத் தேடிப் போனபோதுதான் கணக்கில் சிக்கல் வந்தது. மாரியப்பன் மீனவக் குடும்பம், ஆலையில் வெல்டராக இருந்துவிட்டு இப்போது மறுபடி கடலுக்குப் போகிறவர். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த கழிமுகத் தண்ணீரின் ஓரத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என் காசா? இதோ நிக்குதே" என்று தன் படகைக் காட்டினார்.

"படகு வாங்கிட்டீங்களா அத்த வித்து?"

"விக்கல யக்கா. படகு கட்டறப்ப அடியில ஒரு குந்துமணி தங்கம் வெக்கிறது எங்க வழக்கம். எங்க தாத்தா கட்டுமரக் காலத்துல மூக்குத்தி வெச்சாரு. இது பைபர் படகு. பசை ஊத்தறப்ப முன்பக்கம் அணியத்துல முழுக் காசையே உள்ள போட்டு ஊத்திட்டேன். பன்னெண்டு வருஷமா கடல்ல போயிகினு கீது."

"அப்ப அது இன்னும் முழுசா இருக்குதா?"

"இருக்காதா பின்ன? படகுக்கு உசுரே அதான்."

"எடுக்க முடியுமா?"

மாரியப்பன் வலையைக் கீழே வைத்தார். "யக்கா, நீ நல்லவ. அதனால இந்தக் கேள்விய நான் கேக்கலன்னு வெச்சுக்கிறேன். சீட்டக் குடு, கையெழுத்து போடுறேன்."

ஆக, எஞ்சி இருப்பவை இரண்டு. ஒன்று மீன் பிடிக்கிறது.

கடைசியாக வல்லரசு. தேரடிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருந்தார். எழுபது வயது, உலைச் சூட்டில் வெந்த கைகள். சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"ஞாயித்துக்கெழம பெரம்பூர் கண்காட்சிக்கு எடுத்துகினு போறேன் அண்ணே. எத்தினி பாக்கி கீதுன்னு காயிதம் கேக்குறாங்க." பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவுடன் உதவி செய்கிறேன் என்று யாராவது கிளம்பிவிட்டால் அது தார்ப்பாய்க்கு அடியில் ஆளை ஒளித்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

"எல்லாரும் உருக்கிட்டாங்களா?"

"படகுல ஒண்ணு. என்னாண்ட ஒண்ணு. மீதி பத்தும் போச்சு."

"மீதி பத்தும்" என்றார் வல்லரசு. "ஆனா யூதாஸ் நான் மட்டும்."

சுகிர்தமும் அப்படிக் கூப்பிட்டவள்தான்.

"அந்த துட்டுல இன்னா பண்ணேன்னு எவனாவது கேட்டீங்களா? ஒரு பஸ் புடிச்சேன். எங்க தெரு முழுக்க திருப்பதி கூட்டிகினு போனேன். அதுல பாதி ஜனம் அதுக்கு முன்ன திருவள்ளூரே தாண்டினதில்ல. பஸ்ஸு யாருக்கும் ஞாபகம் இல்ல. பேரு மட்டும் ஞாபகம் கீது." சீட்டில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். "ஒரு தடவ காட்டேன்."

பெட்டியைத் திறந்தாள். அவர் கையை நீட்டினார். "ஓரத்தப் புடிங்க அண்ணே" என்றாள் சுகிர்தம். உலைக்காரர் அந்தப் பவுனைக் குருவிக்குஞ்சு மாதிரி பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நான் சுண்டல் இருக்கும் என்று நினைத்துப் போனேன், ஒரு மேசையில் ஓட்டைக் காலணாவும் மறு மேசையில் செல்லாத நோட்டும்தான் இருந்தன. ஜோ பிரேஸ்லெட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சாண்ட்ரா பந்தயச் சீட்டைக் கைப்பையில் வைத்திருந்தாள்.

சுகிர்தம் நாலு மேசையில் கேட்டாள். முதல் மேசைக்காரர் பவுனைக் கல்லில் உரசிப் பார்க்கலாமா என்றார். இரண்டாமவர் நகைக்கடை வழி சொன்னார். மற்ற இருவர் எடை போட்டு, தங்க விலைக்குக் கொஞ்சம் கீழேயே சொன்னார்கள். ஜோவின் முகம் ஒவ்வொரு மேசைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

கடைசியில் சௌக்கத் அலியின் மேசை. சுகிர்தம் பதினொரு சீட்டையும் சீட்டு விளையாடுவது போல விரித்து வைத்தாள். சௌக்கத் அலி ஒவ்வொன்றாகப் படித்தார். பல் சீட்டைப் படித்துச் சிரித்தார். படகுச் சீட்டை இரண்டு தரம் படித்தார்.

"நாப்பது வருஷத்துல இப்படி ஒரு காயிதம் பாத்ததில்லம்மா. பன்னெண்டுல கைக்குக் கெடைக்கிறது ஒண்ணே ஒண்ணு. இத்த நான் ஒத்துக்கறேன்."

"அப்ப ரேட்டு?"

அவர் தயங்கினார். "தங்க ரேட்டு. பைசா கொறைக்க மாட்டேன்."

"மேல?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தா மட்டும் போதாதும்மா. அத்த ஒருத்தன் தேடணும். என் கால் ரேகையும் உலகத்துல ஒண்ணுதான், யாரு கேக்குறா? கீறல் வேற கீது. நான் வாங்கி யாருக்கு விப்பேன்?"

"போலாமா மா?" என்றான் ஜோ. பாவம், மெதுவாகத்தான் சொன்னான். "ஆசாரி நாளைக்கு வரச் சொன்னாரு."

சுகிர்தம் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"தங்க ரேட்டுக்கு மேல ஐநூறு ரூபா நான் தர்றேன்."

எல்லோரும் திரும்பினோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வல்லரசு நின்றிருந்தார். மஞ்சப்பையை மார்போடு அணைத்திருந்தார். பையைத் தலைகீழாக்கி மேசைமேல் கொட்டினார். ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டுகள். "பேங்க்ல எடுத்தது. எண்ணிக்கோ."

"ம்மா" என்றான் ஜோ, "இது உன் செட்டப்பா?"

"பந்தயத்த பத்தி நான் இவராண்ட சொல்லல."

"இன்னா பந்தயம்?" என்றார் வல்லரசு.

ஜோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "எங்கம்மா பொய் சொல்லாது சாண்ட்ரா. அதான் பேஜாரே."

சௌக்கத் அலி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "பெரியவரே, இத்த எதுக்கு வாங்குறீங்க? நகைக்கா?"

"நகை போட்டு நான் யாரக் கட்டிக்கப் போறேன்? சாவுறதுக்குள்ள அந்த ஆலை கேட்டாண்ட இத்த கையில வச்சுகினு நிக்கணும். எவனாவது யூதாஸ்னு கூப்டா மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

"புரிஞ்சுது" என்றார் சௌக்கத் அலி. சீட்டுக் கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "சீட்டோட சேத்து, ஆயிரம் மேல தர்றேன்மா."

வல்லரசு அவரை முறைத்தார். "இன்னா பாய், இவ்ள நேரம் வேணான்னீங்க?"

"நீங்க ஒருத்தர் கேட்டா அது உங்க ஆசை. நானும் கேட்டாதான் அது வியாபாரம். இத்த தேடுறதுக்கு ஒரு ஆளு கீறாருன்னு இப்பதானே தெரியுது."

"ஆயிரத்தி ஐநூறு."

"ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரத்தி நூறு" என்றார் வல்லரசு. சட்டைப்பையிலிருந்து பஸ் சில்லறையையும் எடுத்து வைத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் செல்லாத நோட்டுகளைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். பவுனைக் கல்லில் உரசக் கேட்டவர், "அம்மா, நான் இன்னொரு தடவ பாக்கலாமா?" என்றார். நாலாயிரத்தில் போய் நின்றது. அதற்குமேல் நான் பத்தாயிரம் என்று சொல்ல நினைத்தேன், ஜோ என்னைப் பார்த்துவிட்டான்.

சுகிர்தம் கைக்குட்டையை எடுத்துப் பவுன்மேல் போட்டாள்.

"விக்கிறதுக்கு இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கும்மா கொண்டாந்தீங்க?" என்றார் சௌக்கத் அலி.

"எடை போடத்தான் பாய்."

சௌக்கத் அலி விழுந்து விழுந்து சிரித்தார். வல்லரசு சிரிக்கவில்லை. நோட்டுகளை ஒவ்வொன்றாக மஞ்சப்பைக்குள் திருப்பிப் போட்டார். இஸ்திரிச் சட்டைக்குள் மனிதர் கசங்கிப் போனது தெரிந்தது.

சுகிர்தம் அதைப் பார்த்தாள். ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, மேசைமேல் குனிந்து எழுதி, அவரிடம் நீட்டினாள். அவர் கிட்டத்தில் எழுத்துத் தெரியாமல் தூரப் பிடித்துப் படித்தார். சுகிர்தம் உயிரோடு இருக்கும்வரை பவுன் அவளிடம். அதற்கப்புறம் முதலில் கேட்கும் உரிமை வல்லரசுக்கு. விலை, தங்க ரேட்டுக்கு மேல் ஒரு ரூபாய்.

"எனக்கு எழுவது. நீ என்ன விட பன்னெண்டு வருஷம் சின்னவ. இது எந்தக் காலத்துல ஆவுற வேல?"

"அதுக்குத்தான் அண்ணே பின்னாடி பக்கம்."

சீட்டைத் திருப்பினார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, வல்லரசு வந்து பவுனை எடுத்துக்கொண்டு போய் அன்று முழுக்க வைத்திருக்கலாம். ஓரத்தைப் பிடிக்க வேண்டும். கழுவக் கூடாது.

"எடுத்துகினு நான் திரும்பி வரலன்னா?"

"வருவீங்க."

"யூதாஸுன்னு கூப்ட்டவதான நீயி?"

"கூப்ட்டேன். தப்பு. அத்தையும் எழுதிக் குடுக்கட்டா?"

வல்லரசு சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வேணா. பேனாவ மூடு, மை காயும்."

மறுநாள் ஆசாரியின் பட்டறையில் ஜோ பிரேஸ்லெட்டைக் கழற்ற ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டான். கொக்கி சிக்கிக்கொண்டது என்றான். சாண்ட்ரா பல் ஆஸ்பத்திரிக் கைகளால் ஒரே இழுப்பில் கழற்றிக் கொடுத்தாள். ஆசாரி தராசில் வைத்தார். எட்டு கிராம் நானூற்றி எழுபது மில்லி.

"எட்டரைன்னு சொன்னீங்க ஆன்ட்டி" என்றாள் சாண்ட்ரா.

"அழுக்கையும் சேத்துன்னு சொன்னேனே. நேத்து தொடச்சிட்டான்."

தங்கம் உருக்கும் குகைக் கிண்ணத்துக்குள் பிரேஸ்லெட் சிவந்து, சரிந்து, ஒரு துளியாகத் திரண்டது. ஜோ கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு கிராம் எட்டு கிராமாவே இருக்கும்" என்றாள் சுகிர்தம். "அழுவாத."

"நான் ஒண்ணும் அழுவல. பொகை."

கல்யாணம் முடிந்து முதல் ஞாயிறன்று வல்லரசு அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். ஜோதான் கதவைத் திறந்தான். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்து, மூடியைத் திறந்து, பவுனை ஓரத்தில் பிடித்து அவர் கையில் வைத்தான். இருவரும் பைக்கில் ஆலை வாசலுக்குப் போனார்கள். கன்டெய்னர்களுக்கு முன்னால் நின்ற வாட்ச்மேனிடம் வல்லரசு பவுனில் இருந்த ஜன்னலைக் காட்டி, "இந்தப் புள்ளி யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாராம். வாட்ச்மேன் தெரியாது என்றதும் அரைமணி நேரம் சொல்லியிருக்கிறார். காக்கைக் கதை உட்பட. அந்தக் கதையை நான் சொன்னதைவிட அவர் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டார் என்று ஜோ வந்து சொன்னான். அவர் கணக்கில் காக்கை இரண்டு.